கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்: ரெண்டர் வேகத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு நிமிட அனிமேஷன் என்றால் நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 1,440 படங்கள். கணினி ஒவ்வொரு படத்தையும் ஒளி, நிழலோடு வரைந்து முடிப்பதுதான் ரெண்டர். படத்துக்கு ஒரு நிமிடம் பிடித்தால் கணினி முழுதாக ஒரு நாள் ஓட வேண்டும். முடிந்த பிறகு ஒரு விளக்கின் நிறம் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு நாள். இந்த அலுப்பில்தான் பலர் கடைக்குப் போய்ப் புது கிராபிக்ஸ் கார்டோ ரேமோ வாங்கி வருகிறார்கள். வேகம் கூடுமா என்றால், கூடும். ஆனால் நேரத்தைத் தின்கிற பாகம் எதுவோ அதை மாற்றினால்தான் கூடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளையும், அதில் ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு ரெண்டர் செய்யும் சைக்கிள்ஸ் எஞ்சினையும் வைத்தே சொல்கிறேன். தனியாளாக அனிமேஷன் செய்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய், அளக்காமல் வாங்குவது. எஃப்12 அழுத்தி ஒரு ஃப்ரேமை ரெண்டர் செய்யுங்கள். விண்டோவின் மேல் ஓரத்தில் என்ன நடக்கிறது என்று எழுத்துகள் ஓடும். 'சாம்பிள்' என்ற சொல் வருவதற்கு முன்பு எத்தனை நொடி போகிறது, வந்த பிறகு எத்தனை நொடி போகிறது என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் நடப்பது காட்சியை அடுக்கித் தயார் செய்யும் வேலை. மாடிஃபையர்கள் (பொருளின் வடிவத்தை மாற்றும் கருவிகள்), முடி, பொருட்களை நினைவகத்தில் ஏற்றுவது எல்லாம் அதில் வரும். அது பெரும்பாலும் கணினியின் முதன்மைச் செயலியான சிபியுவின் தலையில் விழுகிறது. பின்னால் நடப்பதுதான் ஒளிக்கதிர்க் கணக்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் கணக்கை எத்தனை முறை போடுவது என்பதுதான் சாம்பிள். கிராபிக்ஸ் கார்டு வேகப்படுத்துவது அதை. கார்டு மாற்றிய பிறகு வரும் முதல் ரெண்டரில் கெர்னல் (கார்டில் ஓடும் கணக்கு நிரல்) ஏற்றவே தனியாக நேரம் போகும் என்பதால் இரண்டாவது ஃப்ரேமை அளப்பது நல்லது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 நொடி ஃப்ரேமில் தயாரிப்பு 25 நொடி, சாம்பிள் 35 நொடி. கார்டை ஐந்து மடங்கு வேகமானதாக மாற்றுகிறீர்கள். 35 நொடி 7 ஆகும். 25 அப்படியே நிற்கும். மொத்தம் 32 நொடி. 24 மணி நேர வேலை ஐந்து மணி நேரத்தில் முடியும் என்று காத்திருந்தவருக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம் ஆகும். ஜீன் அம்டால் 1967-லேயே சொன்ன விதி இதுதான். ஒரு வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், மீதிப் பகுதி போடும் எல்லையைத் தாண்ட முடியாது.

அந்த 25 நொடியைக் குறைக்கக் காசே வேண்டாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ரெண்டர் செட்டிங்கில் 'பெர்சிஸ்டன்ட் டேட்டா' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறாத சுவர், தரை, டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம்) எல்லாம் நினைவகத்திலேயே தங்கும். கேமரா மட்டும் நகரும் காட்சியில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பதிலுக்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும்.

அடுத்தது, புது கார்டு போட்டும் நேரம் துளியும் குறையவில்லை என்ற புலம்பல். கார்டில் குறை என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிளெண்டரின் ப்ரெஃபரன்சஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வகை என்றால், அங்கே காட்டும் வழிகளில் கூடாவைவிட ஆப்டிக்ஸ் பொதுவாக வேகம். அப்புறம் காட்சியின் ரெண்டர் செட்டிங்கிலும் டிவைஸ் என்ற இடத்தில் ஜிபியு (அதாவது கிராபிக்ஸ் கார்டு) என்று மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வேலை சிபியுவில்தான் ஓடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தும் ஏமாந்துவிட வேண்டாம். அது முதலில் காட்டும் '3டி' வரைபடத்தில் ரெண்டர் வேலை சரியாகத் தெரியாது.

கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, சாதாரண 3060-ஐவிட வேகமானது. ஆனால் டிஐயில் வி-ரேம், அதாவது கார்டின் சொந்த நினைவகம், 8 ஜிபி. சாதாரண 3060-இல் 12 ஜிபி பதிப்பு உண்டு. உங்கள் காட்சிக்கு 10 ஜிபி தேவைப்பட்டால் வேகமான கார்டு திணறும். காட்சியின் ஒரு பகுதி கணினியின் ரேமுக்கு வழிந்து வேகம் தரைமட்டமாகும், இல்லையென்றால் நினைவகம் போதவில்லை என்று ரெண்டரே நின்றுவிடும். இரண்டு 8 ஜிபி கார்டு போட்டால் 16 ஆகிவிடும் என்ற கணக்கும் தப்பு. சாதாரணமாக ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்.

ரேம் விஷயம் எளிது. ரெண்டர் ஓடும்போது 32 ஜிபியில் 20 தான் நிரம்புகிறது என்றால் 64 போட்டு ஒரு நொடிகூட மிச்சமாகாது. முழுதாக நிரம்பி டிஸ்க்கைத் தொடுகிறது என்றால் உடனே போடுங்கள். எஸ்எஸ்டி, கோப்பு சீக்கிரம் திறக்க உதவும், ஒளிக்கணக்கைத் தொடாது.

லேப்டாப் வாங்குபவர்களுக்காக எனக்கு உண்மையாகவே கவலை உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4070-இல் 12 ஜிபி. அதே பெயரில் வரும் லேப்டாப் கார்டில் 8 ஜிபி. லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலும் ஓட்டுகிறார்கள், 115 வாட்டிலும் ஓட்டுகிறார்கள். கடையில் வாட் எவ்வளவு என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அப்புறம் வெப்பம். விளையாட்டில் இடைவெளி கிடைக்கும். ரெண்டரில் எட்டு மணி நேரம் தொடர்ந்து முழு வேகம். சூடு ஏறினால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஃப்ரேம் 40 நொடி, நூறாவது 55 நொடி என்று போனால், வாங்க வேண்டியது புது கார்டு அல்ல. மின்விசிறியின் தூசியைத் தட்டி, காற்று போக வழி விடுங்கள்.

வாங்குவதற்கு முன்பே செட்டிங்கைத் தொடுங்கள். பிளெண்டர் 3.0 முதல் சாம்பிள் எண் தானாகவே 4096 என்று இருக்கும். படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான நாய்ஸ் போதுமான அளவு குறைந்ததும் நிறுத்தும் நாய்ஸ் த்ரெஷோல்டு அதற்கு முன்பே நிறுத்தக்கூடும் என்றாலும், அந்தப் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்சர் போட்டால் பல காட்சிகளுக்கு இருநூறு, முந்நூறே போதும். புள்ளிகள் பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். கடைசித் துளி சுத்தத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். டைல் (படத்தைத் துண்டுகளாக்கி ரெண்டர் செய்யும் சதுரம்) அளவை 256 ஆக்கு, 32 ஆக்கு என்று சொல்லும் பழைய வீடியோக்களை விட்டுவிடுங்கள். அது 3.0-க்கு முந்தைய கதை.

சைக்கிள்ஸே வேண்டுமா என்றும் யோசியுங்கள். 2025-இல் ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரின் ஈவி என்ற இன்னொரு, வேகமான எஞ்சினில், ரெண்டர் ஃபார்ம் (ரெண்டருக்கென்றே பல கணினிகளைச் சேர்த்த கூடம்) இல்லாமல் உருவானது. அந்தப் படத்தின் தோற்றமே ஈவிக்கு ஒத்து வரும்படி அமைந்தது.

கடைசியாக, நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்யாதீர்கள். 1,300-ஆவது ஃப்ரேமில் கரன்ட் போனால் அத்தனையும் போகும். பிஎன்ஜி படங்களாக எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பிறகு வீடியோவாகக் கோப்பது சில நிமிட வேலை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. அவுட்புட் செட்டிங்கில் ஓவர்ரைட்டை எடுத்துவிட்டு ப்ளேஸ்ஹோல்டரை டிக் செய்து, இரண்டு கணினிகளையும் ஒரே பகிர்வு ஃபோல்டரில் எழுத வையுங்கள். ஒன்று எடுத்த ஃப்ரேமை விட்டுவிட்டு மற்றது அடுத்ததற்குப் போகும். புதுசு வாங்கினாலும் பழைய கணினியை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். இரவில் அதுவும் தன் பங்குக்கு நூறு ஃப்ரேம் எடுத்து வைக்கும்.