புழு மருந்து குடுத்த எலியில இம்யூன் மாற்றத்தை எப்படி பிரிச்சுப் பாக்கறது

புழு இருக்கற எலிக்கு (இங்க எலின்னா சுண்டெலி) மருந்து குடுத்து ஒரு சைட்டோகைன், அதாவது இம்யூன் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சிக்னல் அனுப்பற புரதம், ஏறினாலோ இறங்கினாலோ, உடனே "மருந்து இம்யூன் சிஸ்டத்தை மாத்திடுச்சு"ன்னு எழுதாதீங்க, ப்ளீஸ். அங்க மூணு விஷயம் கலந்து நடக்குது. மருந்தே நேரா இம்யூன் செல்லுல வேலை செய்யலாம், புழு போனதால தூண்டல் குறையலாம், இல்ல செத்த புழு உடைஞ்சு ஆன்டிஜென் (இம்யூன் சிஸ்டம் அடையாளம் கண்டு எதிர்க்கற பொருள்) கொட்டி புதுசா தூண்டலாம்.

அதனால நாலு குரூப் வைங்க. புழு இருக்கறது, இல்லாதது, ரெண்டுலயும் மருந்து குடுத்தது, குடுக்காதது. புழுவே இல்லாத எலிக்கு மருந்து மட்டும் குடுக்கற குரூப்பைத்தான் முதல்ல வெட்டிடறாங்க, என்னைக் கேட்டா அதுதான் உயிர்நாடி. லெவமிசோல் மாதிரி புழு மருந்துக்கெல்லாம் புழு இல்லாமலே இம்யூன் மேல வேலை உண்டு. மருந்து குடுக்காத எலிக்கும் வெறும் கரைசலை அதே மாதிரி வாய்வழியா ட்யூப்ல குடுங்க, ட்யூப் போடற ஸ்ட்ரெஸ்ஸே இம்யூனை அடக்கலாம்.

அடுத்தது டைமிங். ரத்தக்குழாய்ல வாழற ஷிஸ்டோசோமா மான்சோனிங்கற புழுவை எடுத்துக்கங்க. எலியில தொத்தி 5 வாரம் வாக்குல முட்டை போட ஆரம்பிக்கும், அதுவரை இன்டர்ஃபெரான் காமாங்கற சைட்டோகைன் பக்கம் இருந்த ரெஸ்பான்ஸ் அப்புறம் இன்டர்லூக்கின் 4, 5, 13ங்கற வேற சைட்டோகைன் பக்கம் சாயும், 8 வாரத்துல உச்சம். இந்தப் புழுவுக்குக் குடுக்கற மருந்தான பிராசிகுவான்டெல் இளசான புழுவை சரியா கொல்லாது, அதனால 3வது வாரத்துல குடுத்துட்டு "எஃபெக்ட் இல்ல"ன்னு சொன்னா அர்த்தமே இல்ல. 6, 7 வாரத்துல குடுத்தா புழு சாகும், ஆனா லிவர்ல மாட்டின முட்டையும் அதைச் சுத்தின கிரானுலோமாவும் (இம்யூன் செல்லுங்க கூடின கட்டி) உடனே போகாது, அதனால குடுத்த சில நாள்லயும் ஒருதடவை பாருங்க, பல வாரம் கழிச்சும் பாருங்க, ரெண்டும் வேற கதை சொல்லும்.

மண்ணீரல் செல்லை முட்டை ஆன்டிஜெனோட வளர்த்து மேல இருக்கற திரவத்துல எலைசா (சைட்டோகைன் அளவு பாக்கற டெஸ்ட்) போடுங்க. இன்டர்லூக்கின் 4 மட்டும் நம்பாதீங்க, செல்லுங்களே அதை எடுத்துக்கும், கூடவே 5ம் 13ம் பாருங்க. ஒப்பிட, ஆன்டிஜென் போடாம செல் மட்டும் வளர்த்த கிணறும் (பிளேட்டோட குழி) கட்டாயம் வேணும்.

கடைசியா புழுவை எண்ணுங்க. புழு எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரியாம சைட்டோகைன் நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதுவும் பிராசிகுவான்டெல் முழுசா வேலை செய்ய எலியோட ஆன்டிபாடியும் வேணும், அதனால இம்யூன் குறைபாடுள்ள எலியில அதே டோஸ் குடுத்தாலும் புழு நிறைய மிஞ்சும்.