பத்து மீட்டருக்கு ஒரு ஏர் ரைஃபிள், அதற்குப் பொருந்தும் ஸ்கோப்

செட்டிநாட்டில் துப்பாக்கி வாங்குவது பற்றி யாரேனும் விசாரித்தால், பெரும்பாலும் அந்தப் பேச்சு கடலைக் கொல்லையைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றியிலோ நெல்லைக் கொத்தும் மயிலிலோதான் தொடங்குகிறது. அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவ்விரண்டையும் நாமாகச் சுடுவது குற்றம். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனுக் கொடுப்பதே வழி. அயல்நாட்டுக் காணொளிகளில் காணும் அரைத்தானியங்கி வேட்டை ரைஃபிள்கள் இங்கே சாதாரண உரிமத்தில் கிடைக்கக்கூடியவையும் அல்ல. பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டியும், 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயமும் உள்ள வட்டாரம் நம்முடையது. ஆகவே இந்தக் கட்டுரை குறிப்பலகையில் சுட்டுப் பழக விரும்புவோருக்கானது.

அதற்கு, காற்றழுத்தத்தால் சிறு ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் ரைஃபிள் போதும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமமின்றி அனுமதிப்பது 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலக் குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிள்களை. கடைக்காரர் அடையாளச் சான்று கேட்பார். கொடுத்துவிட்டு, விட்டமும் ஆற்றலும் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த வேகம் பெரும்பாலும் மிக எடை குறைந்த பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டை, போட்டு அளந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும் பெல்லட் நிலைகுலைந்து பறப்பதால் குறி சிதறவும் செய்யும். பரவலாகக் கிடைக்கும் 0.54 கிராம் பெல்லட் நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் சென்றாலே ஏறத்தாழ 20 ஜூலைத் தொட்டுவிடும். பத்து மீட்டர் போட்டி ரைஃபிள்கள் நொடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்திலேயே உலக சாதனைகளைச் செய்கின்றன.

இடத்தைப் பொறுத்தவரை நம் ஊர் கொடுத்துவைத்தது. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லைவாசலுமாக நீளும் வீடுகளில், வளவிலிருந்து இரண்டாம் கட்டு வரை நேர்கோட்டில் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கல்தூணிலோ சுவரிலோ பட்டால் பெல்லட் திரும்பித் தெறிக்கும். பக்கவாட்டு அறைகளிலிருந்து யாரும் எந்நேரமும் நடந்து வரலாம். உயர்ந்த மதில் உள்ள கொல்லைப்புறமே நல்லது. பழைய துணியை இறுகத் திணித்து, பின்பக்கம் கனமான இரும்புத் தகடு வைத்த மரப்பெட்டியின் முகத்தில் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரும், பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பத்தா உட்பட, அருகில் இருக்கக்கூடாது.

ரைஃபிளில் இரண்டு வகைகளைத்தான் நீங்கள் பரிசீலிக்க வேண்டியிருக்கும். குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றும் வகை விலை குறைவு. பம்பு, சிலிண்டர் என்று வேறு எதுவும் வேண்டாம். முன்பே அழுத்திய காற்றில் இயங்கும் பிசிபி வகையில் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, குறி எளிதில் அமையும். ஆனால் 200 பார் அழுத்தம் வரை ஏற்றக் கைப்பம்பில் நன்றாக வியர்க்க வேண்டியிருக்கும், ரப்பர் வளையங்களையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும். தொடர்ந்து சுட வசதியாக மேகசின் (பல பெல்லட்டுகளை ஒரே தடவையில் ஏற்றிவைக்கும் உறுப்பு) உள்ள பிசிபிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பெல்லட்டாகக் கையால் வைத்துச் சுடுபவர் அடுத்த குண்டுக்கு முன் மூச்சை அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்.

ஸ்கோப்பில், அதாவது ரைஃபிளின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியில்தான் பெரும்பாலோர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது முதலில் பின்னோக்கி உதைக்கிறது. பிஸ்டன் முன்முனையில் முட்டியதும் அதே நொடிக்குள் முன்னோக்கியும் குதிக்கிறது. பின்னோக்கிய உதைப்பை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்ட ஸ்கோப், பெரிய ரைஃபிளில் ஆண்டுக்கணக்கில் உழைத்ததாக இருந்தாலும், இதில் உள்வில்லையோ குறுக்குக் கம்பியோ தளர்ந்து பாழாகிவிடும். ஏர் கன்னுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். பிசிபி வகைக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது பாரலாக்ஸ், அதாவது கண் சற்று நகர்ந்தால் குறுக்குக் கம்பியும் குறியின் மேல் நகர்வதுபோல் தெரிவது. ஸ்கோப் எந்தத் தூரத்துக்குப் பொருத்தப்பட்டதோ அங்கே மட்டும் இது இருக்காது. பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகள் பொதுவாக 100 கஜத்துக்கும், 0.22 அங்குலக் குழல் ரைஃபிளுக்கானவை 50 கஜத்துக்கும் பொருத்தப்பட்டு வருகின்றன. பத்து மீட்டரில் அவற்றின் வழியே பார்த்தால் தாள் மங்கலாகத் தெரியும். ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் இடமும் வலமுமாகச் சற்றே நகர்த்திப் பாருங்கள்; குறுக்குக் கம்பி கரும்புள்ளியின் மேல் நழுவி ஊர்ந்தால் அந்த ஸ்கோப் உங்களுக்கு ஆகாது. முன்வளையத்தையோ பக்கத் திருகையோ சுழற்றிப் பத்து மீட்டருக்குக் கொண்டுவரும் வசதி அவசியம். உருப்பெருக்கத்தில் 3 முதல் 9 மடங்கு வரை மாறுவதும் 40 மில்லிமீட்டர் முன்வில்லையும் தாராளம். அதிலும் 4 மடங்கில் வைத்துப் பழகுவதே நல்லது. 9 மடங்கில் உங்கள் நாடித்துடிப்பு கூடத் தாளில் ஆடித் தெரியும்.

ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்ட் சிறிய பொருள்தான், ஆனால் அதில் மலிவு பார்க்கக்கூடாது. ஏர் ரைஃபிள்களின் மேல் பெரும்பாலும் மவுண்டைக் கவ்வவைக்கும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் பள்ளம் இருக்கும். அகலமான ரெயிலுக்கான மவுண்ட் அதில் பொருந்தாது. ஸ்பிரிங் ரைஃபிளுக்குத் தடுப்பு ஆணி உள்ள ஒரே துண்டு மவுண்டை வாங்குங்கள், இல்லாவிட்டால் உதைப்பில் ஸ்கோப் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உங்கள் பிள்ளை பத்து மீட்டர் போட்டிக்குப் போக நினைத்தால், ஸ்கோப்பே வாங்க வேண்டாம். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற போட்டியிலும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பதக்கங்கள் குவிக்கும் போட்டியிலும் உருப்பெருக்கும் கண்ணாடிக்கு இடமில்லை. சிறு துளை வழியே பார்க்கும் குறிநோக்கி மட்டுமே அனுமதி; அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்.

ஸ்கோப்பைப் பொருத்தியபின் ஐந்து குண்டுகளை ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்து, ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் தொட்டால் குறி ஒருபோதும் நிலைக்காது. வழக்கமான கால் நிமிடக் கோணத் திருகில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்) ஒரு கிளிக் என்பது பத்து மீட்டரில் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் நகர்த்தப் பதினான்கு கிளிக் வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளை இறுகப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் தளர்வாகத் தாங்குங்கள்.

பெல்லட்டில் தட்டை முனை உள்ளது தாளில் வட்டமாக வெட்டிக்கொண்டு போவதால் புள்ளி எண்ண வசதி. இருந்தாலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். மூன்று நான்கு வகைகளில் சிறு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்தபின் மொத்தமாக வாங்குங்கள். இரும்புக் குண்டு வேண்டாம்: குழலின் வரிகளைத் தேய்க்கும், ஈயத்தைவிட மோசமாகத் தெறிக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும். சுட்டு முடித்ததும் ஸ்பிரிங் ஏறிய நிலையில் ரைஃபிளை விட்டுவைக்காமல், குழல் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, பெல்லட்டை வேறு அலமாரியிலும் ரைஃபிளைப் பூட்டிய அலமாரியிலும் வையுங்கள்.