மூளை அலைகளுக்குச் சமன்பாடு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மூளையின் மின் சமிக்ஞைகளுக்குக் கணித மாதிரி அமைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இயற்பியலோ கணிதமோ மின்பொறியியலோ படித்துவிட்டு வருகிறோம். வகைக்கெழுச் சமன்பாடு என்றால் பயம் கிடையாது. ஆனால் ஒருவர் தலையில் மின்முனை ஒட்டியிருக்க மாட்டோம். இந்தத் துறையின் தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன. நான் செய்தவையும் அப்படித்தான்.

முதல் ஆண்டில் இ.இ.ஜி. (தலைமேல் மின்முனை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவது) பதிவுகளை வைத்துக்கொண்டு, நெற்றிப் பக்கத்து மின்முனைகளில் தெரிந்த மெதுவான, பெரிய அலை ஒன்றுக்கு மாதிரி எழுதினேன். இரண்டு மாத உழைப்பு. பதிவுகளை எடுத்த டெக்னீஷியன் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "தம்பி, இது மூளை இல்லை. கண்ணைச் சிமிட்டியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கப் போய்விட்டார். கண் ஒரு சின்ன மின்கலம் மாதிரி: கருவிழிப் பக்கம் நேர்மின், விழித்திரைப் பக்கம் எதிர்மின். இமை இறங்கி ஏறினால் நெற்றியில் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிப் போகும். மூளை அலையோ பொதுவாகச் சில பத்து மைக்ரோவோல்ட்தான்.

சிமிட்டலாவது கண்ணில் பட்டுவிடும். தசை அப்படி இல்லை. 2007இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுத்துத் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து இ.இ.ஜி. எடுத்தார்கள். தலைமேல் பதிவாகும் 20 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சமிக்ஞையில் பெரும்பகுதி அப்போது மறைந்துவிட்டது. அதுவரை மூளையின் வேகமான அலை, அதாவது காமா அலை, என்று எண்ணப்பட்டதில் எவ்வளவு நெற்றித் தசையும் கழுத்துத் தசையும் என்பது அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்களில் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வதற்கும், அறையைக் குளிர வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. எண்ணெய் மின்முனையின் பிடிப்பைக் கெடுக்கும். வியர்வை பதிவுக் கோட்டை மெதுவாக மேலும் கீழும் இழுக்கும். சமன்பாட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வாரமாவது பதிவு அறையில் உட்கார்ந்து, வடிகட்டாத கோடுகளை வெறுமனே பார்க்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் இதை நேர விரயம் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

அந்த அறையில் இன்னொன்றும் தெரியவரும். மருத்துவர்கள் படிக்கும் இ.இ.ஜி. தாளில் எதிர்மின் மேல்நோக்கி வரையப்படும். இயற்பியல் படித்த கண் அதைத் தலைகீழாகத்தான் வாசிக்கும். வலிப்பு நோயின் கூர்முனை அலையை இப்படிக் குறி மாற்றி வைத்துக்கொண்டு மாதிரியைப் பொருத்தினால் பொருத்தம் அழகாகவே வரும். உடலியங்கியல்தான் தவறாக இருக்கும்.

அடுத்தது, கணினி வல்லுநர்கள் அடிக்கடி விழும் குழி. நியூரான்களின் (நரம்புச் செல்களின்) வலையமைப்பைக் கணினியில் ஓட்டி, அவற்றின் துடிப்புகளை எண்ணிக் கூட்டி, அந்தக் கோட்டை இ.இ.ஜி. என்று பெயரிட்டு வெளியிடுவது. ஒரு நியூரானின் துடிப்பு ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் உயரம், ஒரு மில்லிநொடி நீளம். அவ்வளவு குறுகியவை பல்லாயிரம் செல்களில் ஒரே கணத்தில் ஒத்து நிகழ்வது அரிது; ஆகவே தலைக்கு வெளியே அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வெளியே எட்டுவது சினாப்ஸுகளில், அதாவது நியூரான்கள் ஒன்றோடொன்று இணையும் சந்திப்புகளில், எழும் மெதுவான மின்னோட்டங்கள். அதுவும் பெருமூளைப் புறணியில் ஒரே திசையில் வரிசையாக நிற்கும் கூம்புச் செல்களிலிருந்து. எல்லாப் பக்கமும் கிளை விரிக்கும் செல் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. மாதிரி நியூரானைப் புள்ளியாக வைத்திருந்தால், எந்த மின்னோட்டத்தை எந்த எடையில் கூட்டி இ.இ.ஜி. ஆக்கினோம் என்பதையாவது கட்டுரையில் எழுதிவிட வேண்டும்.

இனி கணக்குப் பக்கம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாயின் பெரிய நரம்பிழையில் துடிப்பு எழுவதை விளக்க எழுதிய சமன்பாடுகளில்தான் எல்லோரும் பயிற்சி தொடங்குகிறோம். மூலக் கட்டுரையில் ஓய்வுநிலை பூஜ்யம்; செல் தூண்டப்படும்போது மின்னழுத்தம் எதிர்த்திசையில் போகும். இன்றைய பாடநூல்களில் ஓய்வுநிலை −65 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும், குறியும் மாறியிருக்கும். பாதிச் சூத்திரத்தை இங்கிருந்தும் மீதியை அங்கிருந்தும் எடுத்தால் செல் ஒன்று ஓயாமல் துடிக்கும், அல்லது செத்துக் கிடக்கும். அந்த எண்கள் 6.3 டிகிரி செல்சியஸில் அளந்தவை என்பதையும் மறக்கிறோம். 10 டிகிரிக்கு 3 மடங்கு என்ற அவர்களுடைய விகிதத்தையே வைத்துக்கொண்டால், நம் உடல் வெப்பத்தில் அயனி வாயில்கள் (செல் சவ்வில் மின்னூட்டத் துகள்களை விடும் கதவுகள்) ஏறத்தாழ 29 மடங்கு வேகமாகத் திறந்து மூடும். குளிர்ந்த கணவாயின் எண்களை அப்படியே மனித மூளையில் வைத்துவிட்டு, அலைகள் ஏன் மந்தமாக வருகின்றன என்று யோசிப்பதில் பயனில்லை.

இதைவிடச் சிறிய, இதைவிட மோசமான தவறு இரைச்சலை, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்தை, மாதிரியில் சேர்ப்பதில் நடக்கிறது. ஒவ்வொரு காலப்படியிலும் (கணக்கு ஒரு முறை முன்னேறும் சிறு நேர இடைவெளியிலும்) தற்செயல் எண்ணைச் சேர்க்கும்போது அதைக் காலப்படியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். பலர் காலப்படியாலேயே பெருக்கிவிடுகிறார்கள். நிரல் பிழை காட்டாது, படமும் நன்றாகவே இருக்கும். காலப்படியைப் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். அலையின் வீச்சு மாறினால் அது உங்கள் நிரலின் குணம், மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

மாதிரி பதிவோடு பொருந்திவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று நம்புவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஜான்சென், ரிட் இருவரும் 1995இல் பெருமூளைப் புறணிக்கு வெளியிட்ட மாதிரியை ஓட்டினால் 10 ஹெர்ட்ஸை ஒட்டி, கண் மூடி ஓய்ந்திருக்கையில் வருகிற ஆல்ஃபா அலை வரும். வராமல் எப்படி இருக்கும்? அதன் கால மாறிலிகள் அதற்கேற்பவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. கண்ணைத் திறந்ததும் ஆல்ஃபா அடங்குகிறது என்பது ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட முதல் மனித இ.இ.ஜி. ஆய்வுகளின் காலத்திலிருந்தே தெரிந்தது. அந்த அடங்கலை, எண்களைத் திருகாமல், உள்ளீட்டை மட்டும் மாற்றி உங்கள் மாதிரி காட்டுகிறதா? அப்போது பேசலாம்.

நரம்பியலாளர் ஈவ் மார்டரின் குழு 2004இல் நண்டு, சிங்கி இறால் வகைகளின் இரைப்பை நரம்புச் சுற்றுக்கு 2 கோடி மாதிரிகளை ஓட்டிப் பார்த்தது. மூன்றே வகைச் செல்கள் கொண்ட சுற்று. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள், ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட எண்களோடு, ஏறத்தாழ ஒரே தாளத்தைக் கொடுத்தன. அப்படியானால் சராசரி எடுக்கலாமே என்று தோன்றும். அதுவும் உதவாது. சரியாக இயங்கும் மாதிரிகளின் எண்களைச் சராசரியாக்கிச் செய்த மாதிரி அவற்றைப் போல இயங்காமல் போகலாம் என்று அதே குழு 2002இல் காட்டியிருந்தது. ஆகவே ஒரே ஒரு 'மிகச்சிறந்த' அளவுருத் தொகுப்பை (மாதிரிக்குள் வைக்கும் எண்களை) அட்டவணையில் போட்டுக் கட்டுரையை முடிக்காதீர்கள். பொருந்தும் தொகுப்புகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதே பாதி விடை.

தலைக்கு வெளியே அளந்து உள்ளே எங்கிருந்து வந்தது என்று சொல்வதிலும் இதே சிக்கல்தான். ஒரே வெளி அளவீட்டை எத்தனையோ உள்மூலங்கள் தரமுடியும் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். மண்டையோட்டின் கடத்துதிறனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1960களின் இறுதியிலிருந்து மூளையைவிட அது 80 மடங்கு குறைவு என்று பயன்படுத்தி வந்தார்கள். 2000இல் வந்த அளவீடு 15 மடங்கு என்றது. மென்பொருளில் எந்த எண் இருக்கிறது என்று பார்க்காமல், வண்ணம் தீட்டிய மூளைப் படத்தை நம்புகிறவர்களைக் கருத்தரங்குகளில் இன்றும் பார்க்கிறேன். பக்கத்துப் பக்கத்து மின்முனைகள் ஒன்றாக அசைந்தால் 'இணைப்பு' என்று எழுதுவதும் இந்த ரகம்தான். ஒரே மூலம் இரண்டிலும் தெரிந்தாலும் அப்படித்தான் அசையும்.

இப்போது பலர் சமன்பாட்டை விட்டு இயந்திரக் கற்றலுக்குப் போகிறார்கள். அங்கே 2017இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல பாடம். 40 வகைப் படங்களைக் காட்டி, பார்ப்பது எந்த வகை என்பதை இ.இ.ஜி.யிலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. ஒரே வகைப் படங்களைத் தொடர்ச்சியாகக் காட்டியிருந்தார்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் அதே தொடரிலிருந்தே எடுத்திருந்தார்கள். சமிக்ஞை காலப்போக்கில் மெதுவாக நகரும் அல்லவா? நிரல் கற்றது அந்த நகர்வை. வேறொரு குழு படங்களைக் கலைத்துப் போட்டுப் பார்த்தபோது, துல்லியம் கண்ணை மூடி ஊகிப்பதற்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வாழ்க்கைத் தொழிலாக இதை எடுப்பவர்களுக்குச் சில சொற்கள். பெரிய மாதிரி என்பதற்காக எதிலும் சேராதீர்கள். மனித மூளையையே கணினியில் ஓட்டும் கனவோடு 2013இல் ஐரோப்பா தொடங்கிய திட்டத்துக்கு எதிராக, அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். 2023இல் அது முடிந்தபோது பயனுள்ள மென்பொருள்களும் மூளை வரைபடங்களும் எஞ்சின, கனவு எஞ்சவில்லை. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய மாதிரியைப் பொய்யாக்கக்கூடிய அளவீடு எது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

நிரலின் எந்தப் பதிப்பிலிருந்து, எந்தத் தற்செயல் விதை எண்ணோடு (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணோடு) ஒவ்வொரு படமும் வந்தது என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். கட்டுரையை மதிப்பிடுகிறவர் எட்டு மாதம் கழித்து மூன்றாம் படத்தை வேறு அளவுருவோடு கேட்பார். என்னிடம் கேட்டபோது 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றிலிருந்தும் அந்தப் படம் வரவில்லை.