மண்ணின் கதிரியக்கத்தை மறந்தால் காலக்கணக்கு தப்பும்

2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் தமிழ் நண்பர்கள் கூடினால் ஓஎஸ்எல் (புதைந்த மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளிர்வு முறை) பற்றிய பேச்சு தவறாமல் வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அதையும் கரிமக் காலக்கணிப்பையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கரியின் வயதைச் சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கம் மாற்றாது. ஓஎஸ்எல்லிலோ அதுதான் பாதிக் கணக்கு.

மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும், கொஞ்சம் விண்கதிரும், புதைந்த குவார்ட்ஸ் மணலில் ஓயாமல் ஆற்றலைச் சேர்க்கின்றன. வெயில் பட்டால் சேர்ந்தது அழிந்துவிடும். அதனால் மொத்தச் சேமிப்பை ஆண்டு வரவால் வகுத்தால், மணல் கடைசியாக வெயில் கண்ட காலம் கிடைக்கும். மொத்தம் 9 கிரே (கதிர் ஆற்றலை அளக்கும் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே என்றால் 3,000 ஆண்டுகள். அந்த 3 உண்மையில் 2.5 என்றால் விடை 3,600.

இந்த வரவை வேறு ஊர்க் கணக்கிலிருந்து கடன் வாங்கவே கூடாது. லால்பாக் பாறை போன்ற நைஸ், கிரானைட் பூமி ஒரு மாதிரி, சுண்ணாம்புக்கல் பூமி வேறு மாதிரி. மணவாளக்குறிச்சி மோனசைட் மணலில் தோரியம் மிக அதிகம்.

ஒரே குழிக்குள்ளும் வித்தியாசம் உண்டு. காமா கதிர் மண்ணில் சுமார் 30 செ.மீ. தூரத்திலிருந்து வந்து சேரும். பெருங்கற்கால ஈமக்குழியில் கிரானைட் பலகையை ஒட்டி, வெளிச்சம் படாத மண் மாதிரிக்காக இரும்புக் குழாயை அடித்து, இரு முனையையும் கறுப்புத்தாளால் மூடி எடுத்துவிட்டு, குழாய் மண்ணை மட்டும் சோதித்தால் போதாது. காமா வரவில் பெரும்பங்கு அந்தக் கல் தந்ததாக இருக்கலாம். குழாய் உருவிய துளையிலேயே காமா அளவியை வைத்துப் பார்ப்பதும், சுற்றுமண்ணைத் தனிப் பையில் எடுப்பதும் அவசியம். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது ஈரம். மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீர் கதிரின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஈரம் 1 சதவீதம் கூடினால் வயதும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். பெங்களூரில் எத்தனையோ ஏரிப்படுகைகள் இன்று காய்ந்து கிடக்கின்றன. அங்கே இன்றைய 5 சதவீத ஈரத்தையே எல்லாக் காலத்துக்கும் வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையில் 20 சதவீதம் இருந்திருக்கும் பட்சத்தில் 3,000 ஆண்டில் சுமார் 450 ஆண்டு குறைந்துவிடும். படிவின் நிறம், மணலா களியா, பழைய நீர்மட்டம் எல்லாம் பார்த்துத்தான் ஈரத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஏரிச் சேற்றில் இன்னொரு சிக்கல்: நீர் யுரேனியத்தைக் கரைத்துக் கொண்டுவரும், கொண்டும்போகும், யுரேனியம் சிதைவதில் பிறக்கும் ரேடான் வாயுவாகவே வெளியேறிவிடும். அப்போது ஆண்டு வரவே காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். யுரேனியத்தை மட்டும் அளந்து நிறுத்தாமல், அது சிதைந்து உருவாகும் ரேடியம் போன்ற சேய்த் தனிமங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், செய்தியில் வரும் ஆண்டை மட்டும் படித்துவிட்டுப் பிழை வரம்பை விட்டுவிடாதீர்கள். இம்முறையில் 5 முதல் 10 சதவீதம் சாதாரணம். 3,000 ஆண்டுக்கு அது 150 முதல் 300 ஆண்டு. நூறாண்டு இடைவெளியுள்ள இரண்டு அடுக்குகளில் எது முந்தியது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு மண்ணடுக்கின் வரிசையைத்தான் பார்க்க வேண்டும்.