தறி வீட்டுக் கண்ணால் ஒரு பழைய அச்சுப்படம் பார்ப்பது

சென்னிமலையில் எங்கள் அப்பாரு (தாத்தா) குழித்தறியில் நெய்தவர். அதனால்தானோ என்னவோ, ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747-ல் வெளியிட்ட 12 படங்களில் முதல் படம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பட்டுத்தறிகள், தொழில் பழகும் இரண்டு பையன்கள்.

முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் கை. ஒருவன் நாடாவை, அதாவது ஊடுநூலைக் கொண்டு ஓடும் கட்டையை, பிடித்திருக்கிறான். இன்னொருவன் தூங்குகிறான், அவன் நாடாவோடு பூனை விளையாடுகிறது. அடுத்து வாசல். தடியோடு முதலாளி நிற்கிறார். நூல் கொடுக்கும் முதலாளி வந்தால் அப்பாரு தறியை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். யார் உட்காரலாம், யார் எழ வேண்டும் என்பதைப் படத்திலும் தேடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உழைப்பாளிப் பையன் தேவாலயத்துக்குள் முதலாளி மகளோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறான். மற்றவன் வெளியே கல்லறை மேல் சூதாடுகிறான். உள்ளே யார், வெளியே யார் என்று கேட்டாலே பாதி புரிந்துவிடும்.

இவை அச்சுப்படங்கள். செம்புத்தகட்டில் வரைந்தது காகிதத்தில் இடவலம் மாறி விழும். இடது கை, வலது கையை வைத்து அவசரமாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியில் ஒருவன் லண்டன் மேயராகிறான், மற்றவன் தூக்குமேடைக்குப் போகிறான். சோம்பல்தான் காரணம் என்கிறார் ஹோகார்த். எனக்கு ஒப்பவில்லை. அப்பாரு ஒரு நாளும் தறியில் தூங்கியதில்லை. கடைசிவரை அந்தத் தறிகூட அவருக்குச் சொந்தமாகவில்லை.