வெளிச்சுவரிலிருந்து தொடங்குங்கள்
கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று குடும்பம் இருக்கும் மாடி வீட்டை மதிப்பிடப் போனால், உள்ளே கூப்பிட்டாலும் நான் முதலில் வெளியேதான் நிற்பேன். கட்டடத்தின் மொத்தப் பரப்புக்கு வெளிச்சுவரின் வெளிமுகம்தான் கணக்கு. 40க்கு 30 அடி என்றால் ஒரு தளம் 1,200 சதுர அடி. உள்ளே டேப் பிடித்தால், ஒன்பது அங்குலச் சுவர் நாலு பக்கமும் தின்று 1,097தான் மிஞ்சும். மூன்று தளத்துக்கு 300 சதுர அடிக்கு மேல் போய்விடும்!

பக்கத்து மதில் ஒட்டி நிற்கிறதா? சரி, உள்ளளவு எடுத்து, ஜன்னல் நிலையில் பூச்சோடு சுவர்த் தடிப்பைப் பார்த்துக் கூட்டுங்கள்.

பொதுப் படிக்கட்டு மொத்தப் பரப்பில் சேரும், தனி வீட்டுப் பரப்பில் சேராது. பல்கனியைத் தனியாக எழுதுங்கள். மொட்டை மாடித் தகரக் கொட்டகையும் அப்படித்தான். ஒருமுறை அதைச் சேர்த்துவிட்டு அறிக்கையைத் திரும்ப எழுதினேன்.