டேகேர் பாக்கப் போறீங்களா, மத்தியானம் போங்க

மெட்டர்னிட்டி லீவு முடிய ஒரு மாசம் இருக்கும்போதுதான் நான் டேகேர் தேட ஆரம்பிச்சேன், அந்த தப்ப நீங்க பண்ணாதீங்க, ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. 26 வாரம் எப்படி ஓடுதுன்னே தெரியாது.

முதல்ல ஹெச்ஆர்கிட்ட ஆபீஸ் க்ரெஷ், அதாவது ஆபீஸ் சார்பா நடத்தற டேகேர் பத்தி கேளுங்க. 2017 சட்டத் திருத்தத்துல 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல க்ரெஷ் வசதி இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் குழந்தைய பாத்துட்டு வரலாம்னு கொண்டு வந்தாங்க. கேட்டாதான் வாய தொறப்பாங்க, அதனால கூச்சப்படாம கேளுங்க.

வெளில தேடறதா இருந்தா வீட்டு பக்கமா ஆபீஸ் பக்கமான்னு ஒரு குழப்பம் வரும். தாய்ப்பால் குடிக்கற குழந்தைன்னா ஆபீஸ் பக்கம் நல்லதுதான். ஆனா நான் வேளச்சேரிலேர்ந்து சிறுசேரி போறவ, நவம்பர் மழைல ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல கைக்குழந்தையோட மாட்டிக்கறத நெனச்சு வீட்டு பக்கமே பாத்தேன், நான் லேட்டானா அவரோ மாமியாரோ போய் கூட்டிட்டு வந்துடலாம்ல.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் சனிக்கிழமை காலைல போய் பாப்போம், செவுத்துல பொம்மை பெயின்ட், ஏசி, இங்கிலீஷ் ரைம்ஸ் எல்லாம் காட்டுவாங்க, நாமளும் மயங்கி அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடுவோம். வேலை நாள்ல பன்னெண்டரைலேர்ந்து ஒன்றரைக்குள்ள போங்க, அதான் சாப்பாடும் தூக்கமும் ஒண்ணா வர்ற நேரம், உண்மை அப்பதான் தெரியும். ஒரே ஸ்பூன்ல நாலு வாய்க்கு ஊட்டறாங்களா, டிவிய போட்டு விட்டு திணிக்கறாங்களா, டயப்பர் மாத்தின ஆயா கை கழுவிட்டுதான் பருப்பு சாதத்த தொடறாங்களா, ஒரு குழந்தை அழுதா தூக்கறதுக்கு எவ்ளோ நேரமாகுதுன்னு ஓரமா நின்னு பாருங்க. அந்த நேரத்துல உள்ள விடவே மாட்டேன்னா அந்த இடம் வேண்டாம்.

ஆயாகிட்ட தனியா பேசுங்க. ஓனர் நல்லா பேசுவாங்க, ஆனா நாள் முழுக்க குழந்தைய வச்சிருக்கப் போறது ஆயாதான். எத்தன வருஷமா இருக்கீங்க, உங்ககிட்ட எத்தன குழந்தைன்னு கேளுங்க. நாங்க முதல்ல சேத்த இடம் பாக்க அவ்ளோ அழகு, ஆனா ரெண்டு மாசத்துல மூணு ஆயா மாறிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் என் பையன் முதல்லேர்ந்து அழ ஆரம்பிச்சான். மத்திய அரசோட 2018 க்ரெஷ் வழிகாட்டுதல்ல மூணு வயசுக்கு கீழ 10 குழந்தைக்கு ஒரு ஆள் இருக்கணும்னு இருக்கு. அதுவே ஜாஸ்தின்னு நான் சொல்வேன், தவழற குழந்தைங்கன்னா ஒரு ஆளுக்கு நாலுக்கு மேல வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கிச்சன் எங்க இருக்கு, வெளிய வர எத்தன வழி, மாடின்னா படி எவ்ளோ அகலம். கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்துல 2004ல 94 புள்ளைங்க போனதுக்கு சமையலறைல பிடிச்ச தீயும் கீத்துக் கூரையும் குறுகலான படியும்தான் காரணம், அதனால இதெல்லாம் கேட்டா ஓவரா பண்றாங்கன்னு நெனச்சாலும் பரவால்ல. சம்ப் மூடி கெட்டியா இருக்கா, பால்கனி கம்பி இடைவெளி எவ்ளோன்னும் பாத்துடுங்க. சிசிடிவி இருந்தா சந்தோஷம், ஆனா அது ஆயாவுக்கு பதிலாகாது.

காய்ச்சல் வந்த குழந்தைய உள்ள விடறாங்களான்னு கேளுங்க, விடறாங்கன்னா உங்க வீட்டுக்கும் சீக்கிரமே வரும். உங்கள கேக்காம எந்த மருந்தும் குடுக்கக்கூடாது, யார் யார் வந்து கூட்டிட்டு போலாம், லேட் ஃபீஸ் எவ்ளோ, நடுவுல நின்னா டெபாசிட் திரும்ப வருமா, எல்லாத்தையும் வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிக்கோங்க.

முடிவு பண்ணிட்டா லீவு முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சேத்துடுங்க, முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் ரெண்டு, அப்புறம் சாப்பாடு வரைக்கும், கடைசியா தூக்கம் வரைக்கும். குழந்தை விளையாடறப்ப நைசா நழுவி வராதீங்க, அப்புறம் வீட்டுல பாத்ரூம் போனாக்கூட பின்னாடியே வந்து அழும். டாட்டா சொல்லிட்டு, அழுதாலும் சொல்லிட்டே வாங்க.